எங்க பையனை லோன்ல கேக்குறாங்க, பின்னாடி வித்தா 20 பர்சென்ட் தர்றோம்ங்கிறாங்க, சின்ன கிளப்புக்கு இதுல உண்மையில என்ன நிக்கும்?

ஹலசூரு_ஸ்டாப்பர்:

வணக்கம் நண்பர்களே. பெங்களூர்ல கௌதம்புரா பக்கத்துல ஒரு சின்ன ஃபுட்பால் கிளப் நடத்துறோம், பீலே சிலை இருக்குற ஏரியான்னு சொன்னா இங்க நிறைய பேருக்கு புரியும். எங்க பையன் ஒருத்தன், இப்ப 17 வயசு, லெஃப்ட் விங், 12 வயசுல இருந்து எங்ககிட்ட தான் ஆடுறான். போன சீசன் அசோக் நகர் ஸ்டேடியத்துல ஒரு லீக் மேட்ச்ல இவன் ஆடினதை பாத்துட்டு ஒரு பெரிய கிளப்புல இருந்து கூப்பிட்டு பேசினாங்க, பேரு இங்க வேணாம், இன்னும் எதுவும் முடிவாகல.

அவங்க ரெண்டு பக்கத்துக்கு ஒரு ட்ராஃப்ட் அனுப்பியிருக்காங்க. ஒரு சீசன் லோன், அதாவது பையன் தற்காலிகமா அவங்ககிட்ட போய் ஆடுறது, லோனுக்குன்னு காசு எதுவும் கிடையாது, சீசன் முடிஞ்சதும் பையனை பிடிச்சிருந்தா 8 லட்சம் குடுத்து எடுத்துக்குவாங்க, இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. கடைசி பக்கத்துல கையெழுத்து போடுற இடத்துக்கு மேல ஒரே ஒரு வரி, தமிழ்ல சொன்னா "வருங்காலத்தில் வீரர் விற்கப்பட்டால் 20 சதவீதம் முதல் கிளப்புக்கு வழங்கப்படும்". அவ்ளோதான். எதுல 20, எப்ப குடுப்பாங்க, எத்தனை தடவை வித்தா, ஒண்ணுமே இல்ல.

எங்க கமிட்டில ஆளாளுக்கு கணக்கு போட ஆரம்பிச்சிட்டாங்க, நாளைக்கு ஒரு கோடிக்கு போனா நமக்கு 20 லட்சம், கிரவுண்டுக்கு லைட் போட்டுடலாம்னு. எனக்கு அந்த ஒரு வரிய பாத்தா பயமா இருக்கு. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. இன்னொரு விஷயமும் கேக்கணும், எங்க ஏரியா அண்ணன் ஒருத்தர் இந்த பையனுக்கு ஷூ, பஸ் காசு, முட்டை பால்னு அஞ்சு வருஷமா செலவு பண்ணியிருக்காரு, நல்ல மனுஷன், அவருக்கும் இதுல ஒரு பங்கு எழுதி குடுக்கணும்னு ஆசைப்படுறோம். அப்படி எழுதலாமா?


கான்டீரவா_கேலரி:

அண்ணா, முதல்ல அந்த "எதுல 20"ங்கிறது தான் முக்கியம், நீங்க பயந்தது சரி.

ரெண்டு விதமா எழுதுவாங்க. ஒண்ணு, அடுத்து விக்கிற மொத்த தொகையில பங்கு. இன்னொண்ணு, அவங்களுக்கு கிடைச்ச லாபத்துல மட்டும் பங்கு, அதாவது வித்த விலையில இருந்து உங்களுக்கு குடுத்ததை கழிச்சிட்டு மிச்சத்துல. உங்க கணக்குலயே பாருங்க, 8 லட்சத்துக்கு வாங்கி 60 லட்சத்துக்கு வித்தா மொத்தத்துல 20ன்னா 12 லட்சம், லாபத்துலன்னா 52ல 20 பர்சென்ட், 10 லட்சத்து 40 ஆயிரம். பெரிய வித்தியாசம் இல்லன்னு தோணும். ஆனா அவங்க 8க்கு வாங்கி 8க்கே வேற கிளப்புக்கு தள்ளிவிட்டா லாபக் கணக்குல உங்களுக்கு ஜீரோ, மொத்தக் கணக்குல 1 லட்சத்து 60 ஆயிரமாவது வரும். முதல்ல வாங்குற காசு சின்னதா இருந்தா ரெண்டுக்கும் இடைவெளி குறைவு, முதல் தொகை பெருசாக ஆக தான் இது கடிக்கும்.

பெரிய உதாரணம் வேணும்னா ரஹீம் ஸ்டெர்லிங். இங்கிலாந்துல க்யூபிஆர் கிளப் அவரை 2010ல 15 வயசு பையனா லிவர்பூலுக்கு குடுத்தப்ப ஆரம்பத்துல வாங்கினது ஒரு மில்லியன் பவுண்டு கூட இல்ல, ஆனா 20 பர்சென்ட் பங்கு எழுதி வாங்கிட்டாங்க. 2015ல மான்செஸ்டர் சிட்டி 44 மில்லியன் பவுண்டு, அதுக்கு மேல போனஸா 5 மில்லியன் வரைக்கும்னு பேசி வாங்கினப்போ 44க்கு மட்டுமே 20 பர்சென்ட் போட்டா 8.8 மில்லியன் வருது. அங்க லாபத்துலன்னு எழுதியிருந்தாலும் பெருசா குறைஞ்சிருக்காது, ஏன்னா முதல்ல வாங்கினது அவ்ளோ சின்ன தொகை. இதையே வான் டைக் விஷயத்துல பாருங்க, செல்டிக் 2015ல சவுத்தாம்டனுக்கு 13 மில்லியனுக்கு கிட்ட வித்து 10 பர்சென்ட் வச்சிருந்தாங்க, 2018 ஜனவரில லிவர்பூல் 75 மில்லியன் குடுத்துச்சு. மொத்தத்துக்குன்னா 7.5, லாபத்துக்குன்னா 6.2, ஒரே ஒரு வார்த்தைல ஒரு மில்லியனுக்கு மேல வித்தியாசம்.

போனஸ் தொகையும் சேத்தி தான் பங்குன்னு எழுதச் சொல்லுங்க. ஆரம்ப விலைய கம்மியா காட்டிட்டு மிச்சத்தை எல்லாம் இத்தனை மேட்ச் ஆடினா இவ்ளோன்னு பின்னாடி வாங்கிக்கிற பழக்கம் எல்லா ஊர்லயும் இருக்கு.


மர்ஃபிடவுன்_கீப்பர்:

சார் பர்சென்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. பையன் உங்ககிட்ட ப்ரொஃபெஷனலா பதிவு ஆகியிருக்கானா, அமெச்சூரா? எழுத்துல கான்ட்ராக்ட் இருக்கா, மாசம் ஏதாச்சும் சம்பளம் குடுக்குறீங்களா?


ஹலசூரு_ஸ்டாப்பர்:

கான்ட்ராக்ட் எல்லாம் கிடையாது சார். மேட்ச் அன்னைக்கு ஆட்டோ காசு, டிபன், வருஷத்துக்கு ஒரு தடவை ஷூ. ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும் எங்க கிளப் பேர்ல இருக்கு.


மர்ஃபிடவுன்_கீப்பர்:

அப்ப உங்க ட்ராஃப்டோட அடிப்படையே ஆட்டம் காணுது சார். லோன்ங்கிறது ப்ரொஃபெஷனல் பிளேயருக்கு மட்டும் தான், ஃபிஃபா விதிலயே அப்படித்தான் இருக்கு. எழுத்துல கான்ட்ராக்ட் இருக்கணும், செலவுக்கு மேல காசு வாங்கணும், அப்பதான் அவன் ப்ரொஃபெஷனல், ஆட்டோ காசும் டிபனும் செலவுக் கணக்குல தான் வரும். லோன்ல போறப்ப உங்க கான்ட்ராக்ட் அந்த காலத்துக்கு நிறுத்தி வைக்கப்படும், முடிஞ்சதும் பையன் உங்க கான்ட்ராக்டுக்கு திரும்பி வருவான். உங்ககிட்ட கான்ட்ராக்டே இல்லாதப்ப எதுக்கு திரும்பி வருவான்? சீசன் முடிஞ்சு அவங்களே நேரா பையன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டா அந்த 8 லட்சத்தையும் யாரும் குடுக்க வேண்டி வராது, 20 பர்சென்ட் பேச்சுக்கே இடம் இருக்காது. அவங்க தெரிஞ்சே அப்படி எழுதினாங்கன்னு நான் சொல்ல வரல, வேற ஒரு டீலோட பேப்பரை எடுத்து பேரை மாத்தி அனுப்புறது இங்க ரொம்ப சகஜம்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நீங்களே பையனோட ஒரு ப்ரொஃபெஷனல் கான்ட்ராக்ட் போட்டு, ஒழுங்கா சம்பளம் குடுத்து, பதிவையும் மாத்திட்டு அப்புறம் லோன் பேசுறது. 18 வயசுக்கு கீழ இருக்கிறதால மூணு வருஷத்துக்கு மேல கான்ட்ராக்ட் போடக் கூடாது, அப்பா அம்மா கையெழுத்து வேணும். சம்பளம் குடுக்க முடியாம நின்னீங்கன்னா பையன் கான்ட்ராக்டை முறிச்சிட்டு போகவும் வழி இருக்கு, அதனால வெறும் பேப்பருக்காக இதை பண்ணாதீங்க. ரெண்டாவது வழி, லோன்ங்கிற பேச்சையே விட்டுட்டு, பையனை இப்பவே முழுசா விடுறோம், அதுக்கு இவ்ளோ தொகை, பின்னாடி விக்கிறதுல இவ்ளோ பங்குன்னு கிளப்புக்கும் கிளப்புக்கும் நடுவுல நேரா ஒரு ஒப்பந்தம் போடுறது. உங்க நிலைமைல எனக்கு ரெண்டாவது தான் சரின்னு படுது. கைக்கு கொஞ்சம் காசு இப்பவே வரும், பையனுக்கும் ஒரு சீசன் பூரா "எடுப்பாங்களா மாட்டாங்களா"ங்கிற தவிப்பு இருக்காது.


பாம்பே_டு_பெங்களூர்:

கீப்பர் சார் சொன்னதோட லோன் பத்தி கொஞ்சம் சேத்துக்குறேன், ஏன்னா முதல் வழில போனீங்கன்னா இதெல்லாம் தெரியாம கையெழுத்து போடக்கூடாது.

வாங்கலாம் வாங்காமலும் இருக்கலாம்ங்கிறது வேற, வாங்கியே ஆகணும்ங்கிறது வேற. உங்க ட்ராஃப்ட்ல இருக்கிறது முதல் வகை, முழு அதிகாரமும் அவங்க கைல. கோட்டீஞ்யோ 2019ல பார்சிலோனால இருந்து ஜெர்மனி கிளப் பேயர்னுக்கு லோன்ல போனாரு, 120 மில்லியன் யூரோவுக்கு வாங்கிக்கலாம்னு எழுதியிருந்தாங்க, அவங்க வாங்கல, 2020 ஆகஸ்ட்ல பார்சிலோனாவையே 8-2ன்னு அடிச்ச மேட்ச்ல ரெண்டு கோல் போட்டுட்டு சீசன் முடிஞ்சு அதே பார்சிலோனாவுக்கு திரும்பி வந்தாரு. எம்பாப்பே கதை நேர் எதிர், 2017ல மொனாக்கோல இருந்து பாரிஸ் கிளப் பிஎஸ்ஜிக்கு போனப்ப பேருக்கு தான் லோன், 180 மில்லியன் யூரோ டீல், பிஎஸ்ஜி அந்த சீசன் கீழ் டிவிஷனுக்கு இறங்காம இருந்தாலே வாங்கினதா ஆயிடும்னு நிபந்தனை. பிஎஸ்ஜி எங்க இறங்கப் போகுது? அப்ப அது முதல் நாளே வித்த மாதிரி தான். உங்க பையனுக்கும் இப்படி ஒரு நிபந்தனை கேளுங்க, இத்தனை மேட்ச் ஸ்டார்ட் பண்ணினா 8 லட்சம் குடுத்து எடுத்தே ஆகணும்னு. எண்ணிக்கை சின்னதா இருக்கட்டும். அந்த எண்ணிக்கைக்கு ஒரு மேட்ச் முன்னாடி பெஞ்ச்ல உக்கார வச்சிடுவாங்களோன்னு பயம் இருந்தா ஸ்குவாட்ல இருந்தாலே ஒரு மேட்ச்னு எழுதுங்க.

அடுத்தது, ஃபிஃபா 2022 ஜூலைல லோன் விதிகளை இறுக்கினாங்க. ஒரு லோன் அதிகபட்சம் ஒரு வருஷம், நீட்டணும்னா பையன் எழுத்துல சம்மதிக்கணும். லோன்ல வாங்கின பையனை இன்னொரு கிளப்புக்கு லோன்ல அனுப்பக் கூடாது. இது முதல்ல நாடு விட்டு நாடு போற லோன்களுக்கு, உள்நாட்டு விதிய அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்க ஒவ்வொரு சங்கத்துக்கும் மூணு வருஷம் டைம் குடுத்தாங்க.

நீண்ட லோன் என்ன பாடு படுத்தும்னு நம்ம நாட்டுலயே பாத்தாச்சு. அன்வர் அலி 2023ல டெல்லி எஃப்சில இருந்து மோகன் பகானுக்கு நாலு வருஷ லோன்ல போனாரு. 2024ல அதை பாதில முறிச்சிட்டு ஈஸ்ட் பெங்காலுக்கு கையெழுத்து போட்டாரு. அந்த செப்டம்பர்ல இந்திய ஃபுட்பால் சங்கமான ஏஐஎஃப்எஃப்போட பிளேயர்ஸ் ஸ்டேட்டஸ் கமிட்டி அவருக்கு நாலு மாச தடை, மோகன் பகானுக்கு 12.9 கோடி நஷ்ட ஈடு, ஈஸ்ட் பெங்காலுக்கும் டெல்லி எஃப்சிக்கும் ரெண்டு விண்டோவுக்கு, அதாவது பிளேயரை பதிவு பண்ற ரெண்டு காலகட்டத்துக்கு, ரெஜிஸ்ட்ரேஷன் தடைன்னு தீர்ப்பு குடுத்துச்சு, உடனே டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போய் அந்த உத்தரவு நின்னு போச்சு. அங்க எல்லாம் வக்கீல் வைக்க வசதி இருக்கிற கிளப்புங்க. நம்ம மாதிரி கிளப் ஒரு நோட்டீஸுக்கு பதில் எழுதவே திண்டாடும். அதனால தான் சொல்றேன், சண்டை வந்தா ஜெயிப்போம்னு நம்பி பேப்பர் எழுதாதீங்க, சண்டையே வராத மாதிரி எழுதுங்க.

கடைசியா ஒண்ணு, அவங்க பையனை எடுத்த பிறகு வேற கிளப்புக்கு லோன்ல விட்டு லோன் ஃபீஸ் வாங்கினா அதுல உங்களுக்கு பங்கு உண்டான்னு உங்க ட்ராஃப்ட் சொல்லல. "விற்கப்பட்டால்"னு மட்டும் இருந்தா லோன் விற்பனை இல்லன்னு வாதாடுவாங்க. "தற்காலிகமா ஆனாலும் நிரந்தரமா ஆனாலும், எந்த பேர்ல வந்த தொகையா இருந்தாலும்"னு சேத்துக்கோங்க.


ஆஃப்சைட்_ஆனந்தி:

எல்லாரும் பர்சென்ட் பேசுறீங்க, நான் ஒரு கசப்பான விஷயம் சொல்றேன். இந்தியால பெரும்பாலான பிளேயருங்க கான்ட்ராக்ட் முடிஞ்சு ஃப்ரீயா தான் கிளப் மாறுறாங்க. ஃபீஸே இல்லாதப்ப அதுல 20 பர்சென்ட்டும் ஒண்ணு தான் 50 பர்சென்ட்டும் ஒண்ணு தான். மேல சொன்ன அதே எம்பாப்பே 2024ல ரியல் மாட்ரிடுக்கு ஃப்ரீயா போனாரு, 180 மில்லியன் குடுத்து வாங்கின பிஎஸ்ஜிக்கு ட்ரான்ஸ்ஃபர் ஃபீஸ்னு ஒரு யூரோ வரல. உலகத்துலயே பெரிய பிளேயருக்கு இதுன்னா நம்ம 17 வயசு பையனுக்கு நடக்காதுன்னு எப்படி சொல்றது?

இன்னொரு ஓட்டை, ஆள் மாத்து. 2018 ஜனவரில சான்செஸும் மிகிதர்யானும் ஆர்செனல், மான்செஸ்டர் யுனைடெட் நடுவுல நேரா மாறிக்கிட்டாங்க. நம்ம ஊர்லயும் 2023ல சஹல் அப்துல் சமத் மோகன் பகானுக்கு போனப்ப பிரீதம் கோட்டல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்தாரு, கூட ஒரு தொகையும் கைமாறுச்சு. இந்த மாதிரி டீல்ல வர்ற பிளேயருக்கு என்ன மதிப்புன்னு யாரு முடிவு பண்றது? எழுதலன்னா அவங்க சொல்றது தான் விலை, பங்கு உள்ள பழைய கிளப் கேட்டா "காசு இவ்ளோதான் வந்துச்சு"ன்னு முடிச்சிடலாம்.

என் யோசனை இதுதான், 20 பர்சென்ட்டுக்கு முட்டி மோதாதீங்க. வேணும்னா 10க்கு இறங்குங்க. அதுக்கு பதிலா நடந்தே தீரக்கூடிய விஷயங்களுக்கு காசு கேளுங்க. சீனியர் டீம்ல முதல் மேட்ச் ஆடினா இவ்ளோ, 10 மேட்ச்ல இவ்ளோ, 25ல இவ்ளோ, கான்ட்ராக்ட்டை புதுப்பிச்சா இவ்ளோ, இந்தியா ஜெர்ஸி போட்டா இவ்ளோ. பையன் நல்லா ஆடினாலே இதெல்லாம் வந்துடும், யாரும் யாருக்கும் விக்க வேண்டிய அவசியமே இல்ல. முக்கியமா அந்த கான்ட்ராக்ட் புதுப்பிப்பு காசை விட்டுடாதீங்க, ஏன்னா பையன் நல்லா வந்தா அவங்க விக்க மாட்டாங்க, சம்பளத்தை ஏத்தி வச்சிக்குவாங்க, அப்ப உங்க விற்பனைப் பங்கு தூங்கிட்டே இருக்கும்.


கான்டீரவா_கேலரி:

ஆனந்தி அக்கா சொல்றது சரி தான், ஆனா 10க்கு இறங்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல. வாங்குற கிளப்புக்கு இந்த பர்சென்ட் தான் ரொம்ப சுலபமா விட்டுக் குடுக்குற விஷயம், இன்னைக்கு அவங்க பாக்கெட்ல இருந்து ஒரு பைசா போறதில்ல. கைக்காசு கேட்டா தான் முகம் சுளிப்பாங்க. ரெண்டையும் கேளுங்க, 20ஐ அப்படியே வச்சிக்கிட்டு மேட்ச் காசை சின்னதா வைங்க.

பின்னாடி ஒரு நாள் அவங்களே வந்து "மொத்தமா இவ்ளோ வாங்கிக்கோங்க, பங்கை விட்டுடுங்க"ன்னு கேப்பாங்க, அதையும் மனசுல வைங்க. கேரத் பேலை சவுத்தாம்டன் 2007ல டாட்டன்ஹாமுக்கு வித்தாங்க, அப்புறம் கிளப் பணக் கஷ்டத்துல இருந்தப்ப மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு மேல வர வேண்டியதை எல்லாம் விட்டுட்டாங்க. 2013ல அவரு ரியல் மாட்ரிடுக்கு போனது அன்னைக்கு உலகத்துலயே அதிக விலைக்கு. கஷ்டம் இருக்கிற நேரத்துல தான் அந்த போன் வரும்.


நந்தன்_கிரவுண்ட்:

நான் ஆஸ்டின் டவுன் பக்கம் பசங்களுக்கு கோச்சிங் குடுக்குறேன். இங்க யாரும் தொடாத ஒரு விஷயம், என்னை கேட்டா சின்ன கிளப்புக்கு இந்த பர்சென்ட்டை விட இதுதான் உயிர்.

ஃபிஃபால சாலிடாரிட்டின்னு ஒரு ஏற்பாடு இருக்கு. நாடு விட்டு நாடு ஃபீஸ் குடுத்து ஒரு ப்ரொஃபெஷனல் மாறினா, அந்த ஃபீஸ்ல 5 பர்சென்ட்டை அவனை 12 வயசுல இருந்து 23 வயசு வரைக்கும் வளர்த்த கிளப்புங்க பங்கு போட்டுக்கணும். 12, 13, 14, 15 வயசு சீசனுக்கு தலா 0.25 பர்சென்ட், 16ல இருந்து 23 வரைக்கும் தலா 0.5. உங்க பையன் 12ல இருந்து 17 வரைக்கும் உங்ககிட்டன்னா முதல் நாலு வருஷத்துக்கு 1, அடுத்த ரெண்டுக்கு 1, ஆக 2 பர்சென்ட். ஒரு கோடி ஃபீஸ்னா 2 லட்சம். தொகை சின்னதா தெரியலாம், ஆனா இது எந்த ஒப்பந்தத்துலயும் எழுத வேண்டியதே இல்ல, யாரும் பேரம் பேச முடியாது, ஒரு தடவை இல்ல, அவன் விளையாட்டு வாழ்க்கை பூரா நாடு மாறுற ஒவ்வொரு தடவையும் வரும், லோன் ஃபீஸ்லயும் உண்டு. நீங்க எழுதுற பங்கு பொதுவா அடுத்த ஒரே ஒரு விற்பனையோட செத்துப் போயிடும், இது சாகாது. அது தவிர ட்ரெய்னிங் காம்பன்சேஷன்னு தனியா ஒண்ணு இருக்கு, பையன் முதல் தடவை ப்ரொஃபெஷனலா பதிவு ஆகுறப்ப வளர்த்த கிளப்புக்கு வர வேண்டியது. உள்நாட்டுல ஏஐஎஃப்எஃப் விதிப்படி உங்களுக்கு என்ன சேரணும்னு சங்க ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்குங்க. ட்ராஃப்ட்ல எங்கயாச்சும் "வேறு எந்த தொகையும் கோர மாட்டோம்"னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க, இருந்தா அடிச்சிட்டு குடுங்க.

ஆனா இதெல்லாம் எதை வச்சு வரும்? பையனோட பிளேயர் பாஸ்போர்ட்டை வச்சு. எந்தெந்த தேதில எந்த கிளப்புல பதிவு ஆகியிருந்தான்னு அதுல இருக்கிறது தான் கணக்கு. 2022 நவம்பர்ல இருந்து பாரிஸ்ல ஃபிஃபா க்ளியரிங் ஹவுஸ்னு ஒண்ணு ஓடுது, ஃபிஃபா தயார் பண்ற எலக்ட்ரானிக் பாஸ்போர்ட்டை வச்சு அவங்க காசை பிரிச்சு அனுப்புறாங்க. அவங்களுக்கு கௌதம்புராவும் தெரியாது, காலைல அஞ்சரைக்கு கோன் அடுக்கி வச்சதும் தெரியாது, சிஸ்டம்ல இருக்கிற பதிவு மட்டும் தான் தெரியும்.

எங்ககிட்ட ஒரு பையன் இப்படி போச்சு. சின்ன வயசுல இருந்து எங்க கூட ஆடினவன், அட்டெண்டன்ஸ் நோட்டுல தேதி வாரியா அவன் பேர் இருக்கு, ஆனா ஏஐஎஃப்எஃப்போட பிளேயர் பதிவு சிஸ்டமான சிஆர்எஸ்ல ஏத்தப் போனப்ப பர்த் சர்டிஃபிகேட்ல ஒரு மாசம், ஆதார்ல வேற மாசம், அப்பா பேர் ஸ்பெல்லிங்கும் வேற. திருத்திட்டு வர்றோம்னு வீட்டுல சொன்னாங்க, ஒவ்வொரு சீசனா தள்ளிப் போச்சு, கடைசில அவன் பெரிய லீக் ஆட வேண்டிய நேரத்துல தான் பதிவே ஆச்சு. அதுக்கு முன்னாடி இருந்த வருஷங்கள் எல்லாம் பேப்பர்ல காலி. அந்த அட்டெண்டன்ஸ் நோட்டை இன்னும் வச்சிருக்கேன், யார்கிட்ட காட்டினாலும் செல்லாது. அதனால அண்ணே, இந்த ஒரு பையனோட விடாதீங்க, உங்ககிட்ட இருக்கிற சின்ன பசங்க எல்லாரோட பேப்பரையும் இந்த மாசமே எடுத்து பாருங்க.


மர்ஃபிடவுன்_கீப்பர்:

அந்த ஏரியா அண்ணன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலயே. சார், அவருக்கு விற்பனைல பங்கு எழுதக் கூடாது. 2015 மே 1ல இருந்து ஃபிஃபா அதை முழுசா தடை பண்ணிட்டாங்க, கிளப்போ பிளேயரோ, ட்ரான்ஸ்ஃபர்ல வர்ற காசுல வெளி ஆளுக்கு பங்கு குடுத்தா கிளப்புக்கே தண்டனை வரும். தென் அமெரிக்கால முதலீடு பண்றவங்க பசங்களை பங்கு பங்கா வாங்கி வச்சிருந்த கொடுமைய நிறுத்த வந்த விதி அது, உங்க அண்ணன் மாதிரி ஆளுங்களுக்கும் சேத்து தான் பொருந்தும், அவரு நல்ல மனசுல பண்ணினாலும்.

அவரு செலவு பண்ணினதை கிளப்புக்கு குடுத்த கடனா கணக்கு எழுதி, தொகையை இப்பவே முடிவு பண்ணி, கிளப் காசுல இருந்து திருப்பிக் குடுங்க. வித்தா தான் குடுப்போம், இத்தனை பர்சென்ட் குடுப்போம்னு எங்கயும் வரக் கூடாது. பையனுக்கே ஒரு பங்கு எழுதலாம், 2019ல விதிய திருத்தி பிளேயர் மூணாவது ஆள் இல்லன்னு தெளிவு பண்ணிட்டாங்க. உங்க 20ல ஒரு பகுதி அவனுக்குன்னு எழுதுறதை பத்தி யோசிங்க, அந்த வீட்டுக்கு பெரிய விஷயமா இருக்கும்.


ஹலசூரு_ஸ்டாப்பர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி கமிட்டிய கூப்பிட்டு எல்லாத்தையும் படிச்சு காட்டினேன். லோன் வேணாம், முழுசா விடுறோம், கைல ஒரு தொகை, மேட்ச் காசு, கான்ட்ராக்ட் புதுப்பிப்பு காசு, 20 பர்சென்ட் மொத்தத் தொகைலன்னு கேக்கப் போறோம். பையனுக்கு பங்கு குடுக்கிறதுக்கு யாருமே எதிர்ப்பு சொல்லல. அண்ணன்கிட்ட நானே போய் பேசினேன், "எனக்கு எழுத்தெல்லாம் எதுக்குப்பா, சின்ன பசங்க ஆதாரை திருத்துற வேலைய நான் பாத்துக்குறேன்"னு சொல்லிட்டாரு, ஆனாலும் அவர் கணக்கை எழுதி திருப்பிக் குடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டோம்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. நாளைக்கு அவங்க பையனை வித்தாங்கன்னா என்ன விலைக்கு வித்தாங்கன்னு நமக்கு எப்படி தெரியும்? பேப்பர்ல "வெளியிடப்படாத தொகை"ன்னு தானே போடுறாங்க.


பாம்பே_டு_பெங்களூர்:

அதையும் ஒப்பந்தத்துலயே கட்டிடணும். வித்த ஏழு நாளுக்குள்ள எழுத்துல தகவல் குடுக்கணும், அந்த ட்ரான்ஸ்ஃபர் ஒப்பந்தத்தோட காப்பி குடுக்கணும், அவங்க கைக்கு காசு வந்த 30 நாளுக்குள்ள உங்க பங்கு வரணும், தவணைல வந்தா ஒவ்வொரு தவணைக்கும் அதே மாதிரி, லேட் ஆனா வட்டி இவ்ளோ. மறைச்சா பங்கு ரெண்டு மடங்குன்னும் எழுதலாம், ஒத்துக்க மாட்டாங்க, ஆனா கேட்டு வைங்க, அதை விட்டுக் குடுத்து காப்பி குடுக்கிற வரிய வாங்கிடலாம். ஏஜென்ட் கமிஷன், வரி இதெல்லாம் கழிச்சிட்டு தான் பங்குன்னு அவங்க எழுதினா எதெதை கழிக்கலாம்னு பேரோட வரணும், "இதர செலவுகள்"னு ஒரு வார்த்தை வந்தாலும் கையெழுத்து போடாதீங்க.

தகராறு வந்தா எங்க போறதுன்னும் ஒரு வரி வேணும், ஏஐஎஃப்எஃப் பிளேயர்ஸ் ஸ்டேட்டஸ் கமிட்டின்னு எழுதுங்க. தெரிஞ்சு ரொம்ப நாள் சும்மா இருந்துடாதீங்க, ஃபிஃபால போற கேஸுக்கு ரெண்டு வருஷம் தான் கெடு, அதுக்கு மேல எடுத்துக்கவே மாட்டாங்க. ட்ராஃப்ட் திரும்பி வந்ததும் பேர் எல்லாம் மறைச்சிட்டு அந்த பங்கு பத்தின பாராவை மட்டும் இங்க போடுங்க, வரி வரியா பாத்துடலாம்.